கொடிக்குக் குளிர்காலம் தரும் கத்தி

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு செல்லும் சாலை கோரிமேட்டைத் தாண்டி, மலை அடிவாரத்தைத் தொட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. மொத்தத் தூரம் 30 கிலோமீட்டர் வாக்கில். கிளம்பும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், போய்ச் சேரும் இடம் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறரை டிகிரி குளிரும் என்பது வானிலையாளர்களின் பொதுக்கணக்கு. அதன்படி இந்த ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடுகிறோம். பிரான்ஸின் வடக்கே இருக்கும் ஷாம்பெய்ன் வட்டாரத்துக்கும் ஸ்பெயினின் தென்கோடியில் ஷெர்ரி செய்யும் வட்டாரத்துக்கும் ஆண்டுச் சராசரி வெப்பத்தில் உள்ள வித்தியாசமும் ஏறத்தாழ இவ்வளவுதான். இரண்டு ஊரும் திராட்சையிலிருந்துதான் ஒயின் செய்கின்றன. ஆனால் ஒன்றின் ரகம் மற்றதில் நிற்காது, ஒன்றின் சுவையும் மற்றதில் வராது.

இந்தச் சாலையோரம் எங்கேயாவது ஒயினுக்காக ஒரு திராட்சைத் தோட்டம் போட்டால் என்ன ஆகும்? எந்த உயரத்தில் போடுவது? ஐந்தாறு வருடம் கழித்துப் பீப்பாயிலிருந்து வரும் ஒயினில் சேலம் இருக்குமா, அல்லது எங்கிருந்தோ வந்த கொடியும் எங்கிருந்தோ வந்த ஈஸ்ட்டும் மட்டும்தான் இருக்குமா? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலான மாவட்டம் அவர்களுடையது. 1937 அக்டோபர் 1 அன்று, மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, தாம் வக்கீல் தொழில் பார்த்து நகராட்சித் தலைவராகவும் இருந்த ஊரைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார். அந்த வருடத்துச் சட்டம்தான் இன்றும் தமிழ்நாட்டின் மதுவிலக்குச் சட்டம். உரிமம் இல்லாமல் வீட்டில் நான்கு பாட்டில் திராட்சை ஒயின் ஊறவைப்பதும் அதன்படி குற்றமே. ஆகவே இங்கே வருவதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிலத்தைத் திராட்சைக்கொடி எப்படி வாசிக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிடலாம். ஒயின் ரசிகர்கள் குவளையை முகர்ந்து பார்த்து, இதில் சுண்ணாம்புப் பாறை தெரிகிறது, இதில் எரிமலைக் கல் தெரிகிறது என்பார்கள். வேர் பாறையை உறிஞ்சுவதில்லை. நீரில் கரைந்த அயனிகளைத்தான் எடுக்கிறது. அதிலும் தனக்கு வேண்டிய அளவைப் பெரும்பாலும் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஒயினில் உள்ள உலோக உப்புகளில் பெரியது பொட்டாசியம். அதுவே லிட்டருக்கு ஒரு கிராம் வாக்கில்தான். மற்றவை அதைவிட மிகக் குறைவு, நாக்குக்கு எட்டாத அளவு. வேல்ஸின் அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகப் புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் 2018-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பாறைக்குப் பெரும்பாலும் மணமே கிடையாது, சுவையும் கிடையாது. முதல் மழையில் கிளம்பும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் கூட மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்வது. அந்த மணம் ஒயினில் வந்துவிட்டால் பழத்தில் பூஞ்சை பிடித்திருந்தது என்று பொருள், குறையாகத்தான் எழுதுவார்கள்.

அப்படியானால் நிலம் ஒயினுக்குள் எந்த வழியாக வருகிறது? 1970-களிலிருந்து பிரான்ஸின் போர்தோவில் இதை ஆராய்ந்த ஜெரார் செகேன், பெயர் பெற்ற தோட்டங்களின் மண்ணை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தார். ஓரிடத்தில் சரளை, ஓரிடத்தில் களிமண், ஓரிடத்தில் சுண்ணாம்புக்கல். வேதியியலில் அவற்றுக்குள் ஒற்றுமை எதுவும் அகப்படவில்லை. ஒன்று மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது: கொடிக்குத் தண்ணீர் சீராக, ஆனால் தாராளமில்லாமல் கிடைத்தது. மழை கொட்டினால் மண் வடித்துவிட்டது. வறண்டால் ஆழத்திலிருந்து கொஞ்சம் கொடுத்தது. பின்னர் கொர்னெலிஸ் வான் லீவனும் உடன் ஆய்வாளர்களும் சாந்த் எமிலியோன் பகுதியில் மூன்று வகை மண், மூன்று ரகம், பல பருவங்கள் என்று ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்ட முடிவும் அதே திசையில்தான் இருந்தது. பருவநிலைக்கே முதல் இடம். மண்ணின் செல்வாக்கு பெரும்பாலும் தண்ணீர் வழியாக வருகிறது.

தண்ணீர் சற்றுக் குறையும்போது தளிர் வளர்வது நிற்கிறது. இலை செய்த சர்க்கரை தளிருக்குப் போகாமல் பழத்துக்குத் திரும்புகிறது. பழம் சிறுக்கிறது. நிறமும் துவர்ப்பும் தோலில் இருப்பதால், சிறிய பழத்தில் சாற்றுக்குத் தோலின் பங்கு கூடுகிறது. தண்ணீர் தட்டுப்பாடு எல்லை மீறினாலோ இலை கருகிப் பழம் வெம்பிவிடும். இந்த இடைப்பட்ட கோட்டில் கொடியை நிறுத்தி வைக்கும் வேலையை ஐரோப்பாவில் மண் செய்கிறது. நம் ஊரில் சொட்டுநீர்க் குழாயின் திருகு செய்கிறது.

இளம் தோட்டத்தின் முதல் இரண்டு வருடம் முக்கியமாவது இதனால்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி பன்னீர்த் திராட்சைக்கு அறுபது சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, தொழுவுரமும் தழையும் போட்டு மூடி, ஜூன், ஜூலையில் வேர்விட்ட குச்சிகளை மூன்றுக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். பின்பு ஒற்றைத் தண்டாக மேலே ஏற்றிப் பந்தலில் படரவிடுவது வழக்கம். இந்தப் பருவத்தில் தினமும் சொட்டுநீர் விட்டால் கொடி பச்சைப் பசேலென்று எழும், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. மண்ணுக்கடியில் வேறு கதை நடக்கிறது. நீர் சொட்டும் இடத்தில் ஈரமாக இருக்கும் குடம் அளவு மண்ணுக்குள்ளேயே வேர்கள் சுருண்டுகொள்ளும். உரமும் அதே குழாயில் வருகிறது, வேர் எங்கும் போக வேண்டிய அவசியமில்லை. அந்தக் கொடிக்குத் தெரிந்த நிலம் அவ்வளவுதான். சேலமாக இருந்தாலும் சோலாப்பூராக இருந்தாலும் அதற்கு ஒன்றே. வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விட்டு, அடுத்த நீருக்கு முன் மேல்மண்ணைக் காயவிட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். நிலத்தின் குணம் ஒயினில் வர வேண்டுமென்றால் வேரை நிலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். கொடி கொஞ்சம் மெதுவாக வளரும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கோழி எருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பக்கத்தில் நாமக்கல் இருக்கிறதே. லாரி லாரியாகக் கிடைக்கும் அந்த எருவில் தழைச்சத்து மிக அதிகம். சந்தைக்குப் போகும் பழத்துக்கு அது வரம். ஒயின் கொடிக்கோ தளிர் வளர்ந்துகொண்டே போகும், கொத்து நிழலில் மறையும், நோய் ஏறும், பழம் பழுக்கத் தாமதமாகும். நாமக்கல் ஒயினுக்கு உதவுவதானால் எருவைவிட முட்டையே மேல். புதிய சிவப்பு ஒயினில் துவர்ப்பு தூக்கலாக இருந்தால் 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துக் கலக்குவது போர்தோவின் பழைய முறை. முட்டைப் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு அடியில் படியும், ஒயின் தெளியும்.

இனி சேலத்து மண். நகருக்கு வடக்கே சேர்வராயன் மலை அடிவாரத்தை ஒட்டி வெள்ளைவெளேரென்று தெரியும் சுண்ணாம்புக் கரட்டைப் பார்த்திருப்பீர்கள். வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1864-இல் வெளியிட்ட புவியியல் ஆய்வறிக்கை சேலம் வட்டாரத்தை விவரிக்கிறது. தமிழகத்தின் பழைய கற்காலக் கருவியைப் பல்லாவரத்தில் கண்டெடுத்த அதே ஃபூட்தான். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டிலேயே குடியேறியவர். கரட்டின் வெள்ளை, மேக்னசைட் என்ற மக்னீசியம் கார்பனேட். பூமியின் ஆழத்திலிருந்து வந்த, மக்னீசியம் நிறைந்த டியூனைட் பாறையின் வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்தது. உருக்காலை உலைகளுக்கான செங்கல் செய்ய இதைத் தோண்டுகிறார்கள். ஷாம்பெய்னின் வெள்ளை மண்ணோ கால்சியம் கார்பனேட்; கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டானது. நுண்துளைகளால் ஆன அது மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். கண்ணுக்கு இரண்டும் வெள்ளை, கொடிக்கு இரண்டும் எதிரெதிர்.

மக்னீசியம் மிகுந்து கால்சியம் குறைந்த மண் எந்தப் பயிருக்கும் தொல்லை. களிமண் துகள்களைச் சேர்த்துக் கட்டிக் காற்றும் நீரும் போக வழி விடுவது கால்சியம். அந்த இடத்தை மக்னீசியம் பிடித்துக்கொண்டால் மண் நனைந்தால் பிசுபிசுக்கும், காய்ந்தால் கல்லாகும். டியூனைட் வகைப் பாறையில் நிக்கலும் குரோமியமும் வேறு உண்டு. கலிபோர்னியாவில் நாபா, லேக் பகுதிகளில் இதே குடும்பப் பாறையின் மேல் உருவான மண்ணில் திராட்சை திணறுகிறது. ஜிப்சம் போட்டுக் கால்சியத்தை ஏற்றிப் பார்க்கிறார்கள்.

ஆனால் இதில் சுவாரசியமான ஒரு திருப்பம் இருக்கிறது. வெப்ப நாட்டு ஒயினின் பெரிய நோய் புளிப்புக் குறைவு. பழத்தில் பொட்டாசியம் ஏறினால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிப் படிந்துவிடும், சாற்றின் பி.எச். உயரும், நிறம் மங்கும், கெடுக்கும் நுண்ணுயிர்களுக்குக் கதவு திறக்கும். வேரில் நுழைய பொட்டாசியமும் மக்னீசியமும் போட்டி போடுபவை. ஒன்று மிகுந்தால் மற்றது குறையும். அப்படியானால் கரட்டுக்குள் போகாமல், அதன் ஓரத்தில் மக்னீசியம் மிதமாக இருக்கும் செம்மண்ணில் வளரும் கொடியின் பழத்தில் பொட்டாசியம் அடங்கியிருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் சேலம் மண் ஒயினில் தெரிவது சுவையாக அல்ல, பி.எச். மீட்டரில் ஒரு எண்ணாக. இது என் ஊகம். சோதித்துப் பார்க்கத் தகுந்த ஊகம் என்று நினைக்கிறேன்.

ஆனால் வேர்க்கட்டை அதைக் குலைத்துவிட முடியும். 1860-களில் அமெரிக்காவிலிருந்து போன ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பிறகு, அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவது உலக வழக்கமானது. நம் நாட்டில் ஒட்டுக்கட்டுவது பூச்சிக்காக அல்ல, வறட்சிக்கும் உப்பு நீருக்கும். மகாராஷ்டிரத்தில் பரவலாக இருப்பது டாக்ரிட்ஜ் என்ற வேர்க்கட்டை. டெக்ஸாஸ் காட்டுத் திராட்சையிலிருந்து வந்தது, உப்பையும் வறட்சியையும் தாங்கும், கொடியை முரட்டுத்தனமாக வளர்க்கும். அந்தக் குடும்ப வேர்கள் பொட்டாசியத்தை வாரி இழுக்கும் என்பது ஆஸ்திரேலியர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. போர்வெல் நீர் உப்பாக இருக்கிறது என்று டாக்ரிட்ஜ் வைத்தால் மண் கொடுத்த சலுகையை வேர் பறித்துக்கொள்ளும். 110 ஆர் போன்ற வேர்க்கட்டைகள் அந்த வகையில் சாது. நர்சரியில் எது கையிருப்பில் இருக்கிறதோ அதை வாங்கி வருவது, தோட்டத்தின் இருபது வருடத்தை ஒரு நாளில் தீர்மானிப்பது.

மண்ணைவிடப் பெரிய விஷயம் வெப்பம் என்றேன். 1944-இல் கலிபோர்னியாவின் அமரீனும் விங்க்ளரும் ஒரு கணக்கு முறை கொண்டுவந்தார்கள். பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொடி வளராது என்று வைத்து, அதற்கு மேலுள்ள சராசரி வெப்பத்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நாள்தோறும் கூட்டிப் பகுதிகளை ஐந்தாகப் பிரித்தார்கள். 2,222-க்கு மேல் போனால் ஐந்தாம் பகுதி. மிக வெப்பமான, இனிப்பு ஒயினுக்கும் சந்தைப் பழத்துக்கும் உரிய இடம். சேலத்தின் ஆண்டுச் சராசரி 28 டிகிரி வாக்கில். நாளுக்குப் பதினெட்டு. கவாத்திலிருந்து அறுவடை வரை 120 நாள் என்றால் 2,160. கலிபோர்னியாவின் மிக வெப்பமான பகுதிக் கொடி ஏழு மாதத்தில் வாங்கும் வெயிலை ஏறத்தாழ நம் கொடி நான்கே மாதத்தில் வாங்கிவிடுகிறது. ஏழு மாதத்துக்கும் கூட்டினால் 3,850. ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தைவிட அது வெகு மேலே. அதே ஏழு மாதத்தை ஏற்காட்டின் சுமார் இருபதரை டிகிரிக்குப் போட்டால் 2,250 வருகிறது. நான்காம் பகுதிக்கும் ஐந்தாம் பகுதிக்கும் இடைப்பட்ட எல்லை.

பகல் வெயிலைவிட இரவின் வெக்கை பொல்லாதது. பழத்தில் இரண்டு முக்கிய அமிலங்கள்: டார்டாரிக், மாலிக். வெப்பம் கூடக் கூடப் பழம் மாலிக்கை எரித்துச் சுவாசிக்கிறது, இரவிலும் அது நிற்பதில்லை. தோலில் நிறம் சேர்வது 35 டிகிரியைத் தாண்டினால் தடைபடும். சர்க்கரை மட்டும் விறுவிறுவென்று ஏறும். முடிவில் இனிப்பு தயார், ஆனால் நிறம், மணம், விதை முற்றுவது எல்லாம் பின்தங்கி நிற்கும்.

இதற்கு மருந்து கத்தி. ஐரோப்பாவில் குளிர் வந்து கொடியைத் தூங்க வைக்கும், வசந்தம் எழுப்பும். நம் சமவெளியில் குளிர்காலம் இல்லை, கொடி தூங்குவதே இல்லை. விட்டால் நுனியில் தளிர்த்துக்கொண்டே ஓடும். நுனி மொட்டு கீழ் மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கும். கவாத்து செய்து, இலைகளை உருவிப்போட்டால்தான் அடங்கிய மொட்டுகள் வெடிக்கும். அந்த மொட்டுக்குள் முன்பே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. போன கவாத்துக்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மாதத்தில் அதில் ஒரு சிறு முனை உருவாகியிருக்கும். அது பூங்கொத்தாகலாம், பற்றுச்சுருளாகலாம். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. அந்த நாட்களில் கிளையின் மேல் வெயில் பட்டிருந்தால் பூங்கொத்தாக மாறும், நிழலடித்துக் கிடந்திருந்தால் சுருளாகிப்போகும். அடுத்த அறுவடையின் அளவு இந்த அறுவடைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பந்தலை அடர்த்தியாக விட்டுவிட்டுக் காய்ப்பு இல்லையே என்று உரத்தைக் குறை சொல்பவர்கள் அண்ணாந்து பந்தலைப் பார்க்க வேண்டும்.

கவாத்து என்றைக்கு என்பதை மனிதன் தீர்மானிக்கிறான். ஆகவே பழம் எந்த மாதத்து வெயிலில் பழுக்க வேண்டும் என்பதையும் அவனே தீர்மானிக்கிறான். போர்தோக்காரனுக்கு இந்த வசதி கிடையாது. நாசிக்கில் மழை செப்டம்பரோடு ஓய்கிறது. அக்டோபர் வாக்கில் கவாத்து, குளிர்ந்த ஜனவரி, பிப்ரவரியில் பழுப்பு என்று காலண்டர் தானாக அமைகிறது. ராஜீவ் சமந்த் 1990-களின் பிற்பகுதியில் அங்கே நட்டு, 2000-இல் முதல் ஒயினைக் கொண்டுவந்த சூலா நிறுவனத்தின் வெற்றியில் அந்தக் காலண்டருக்குப் பெரிய பங்கு. சேலத்தில் சிக்கல் அக்டோபரிலேயே தொடங்கும். தென்மேற்கின் வால், வடகிழக்கின் தலை இரண்டும் இங்கே படும். செப்டம்பர், அக்டோபர்தான் நல்ல மழை. அப்போது கவாத்து செய்தால் இளந்தளிரில் அடிச்சாம்பல் நோய் விழுந்து பூங்கொத்தோடு போய்விடும். மழைக்குப் பயந்து டிசம்பர் இறுதிக்குத் தள்ளினால் பழம் பழுப்பது ஏப்ரல் கடைசியில், உடம்பே தாங்காத வெயிலில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது: நவம்பர் நடுவில் கவாத்து. டிசம்பர் இறுதியில் பூக்கும், பிப்ரவரி நடுவில் நிறம் திரும்பும், மார்ச் நடுவிலிருந்து வெட்டலாம். நிறம் சேரும் நாட்களில் சமவெளியில் இரவு இன்னும் இருபது, இருபத்திரண்டு டிகிரியில் இருக்கும். பழம் பழுக்க நமக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த இரவுகள் அவையே. நவம்பரில் மழை நீடித்தால் போர்டோக் கலவை இருக்கிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த மருந்தை 1885-இல் உலகுக்குச் சொன்ன மியார்தே, போர்தோ ஒயின் தோட்டங்களில் இதே அடிச்சாம்பலோடுதான் போராடினார்.

தமிழ்நாட்டில் திராட்சைக்கொடியோடு நீண்ட காலம் வாழ்ந்து பார்த்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையான்பட்டி என்று தேனி மாவட்டத்தின் அந்த வரிசை ஊர்களில் முல்லைப் பெரியாற்று நீரில் விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியும். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று குறியீடு கிடைத்தபோது வெளியான செய்திகள் சொல்கின்றன. அந்த ரகத்தைச் சீவர்ட் ஸ்னோ என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் 1850 வாக்கில் உருவாக்கியதாகத் தோட்டக்கலை வரலாறு சொல்கிறது. இரண்டும் ஒரே கொடிக்குப் பொருந்தாது. பாதிரியார் கொண்டுவந்தது வேறு திராட்சையாக இருந்து, பன்னீர் பின்னால் வந்து அந்தக் கதையில் ஒண்டிக்கொண்டிருக்கலாம். மரபணுச் சோதனையில் ஐயமில்லை: ஸ்கியாவா கிரோஸாவுக்கும் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாந்திரியாவுக்கும் பிறந்த பிள்ளை. லினலூல், ஜெரானியால், நெரால் ஆகிய மணப்பொருள்கள் மஸ்கட் வழியாக வந்தவை. ரோஜாவிலும் ஜெரானியால் உண்டு என்பதால் பழம் கடித்ததும் பன்னீர் மணக்கிறது. பழத்தில் இந்த மணப்பொருள்களின் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்து மணமின்றிக் கிடக்கும். நொதிக்கும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டினால் மறைந்திருந்த மணமும் வெளியே வரும்.

இந்த ரகம் நம் வெயிலில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை காய்க்கும். பல்கலைக்கழகக் கணக்கில் எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன். நல்ல ஒயினுக்கு ஐரோப்பியர் ஆறு, எட்டு, பத்து டன்னோடு நிறுத்திக்கொள்வார்கள். கம்பத்து விவசாயி சந்தை விலைக்கு உழைக்கிறார், அவரைக் குறைத்துக் காய்க்க விடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒயினுக்கென்று கொடி வைப்பவர் ஆண்டுக்கு ஒரே அறுவடை எடுத்து, மற்றொரு கவாத்தில் வரும் பூங்கொத்தைக் கிள்ளி எறிந்து, கொடிக்கு மாவுச்சத்து சேர்க்கவிட வேண்டும். இளங்கொடிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நம் வெப்பத்தில் இரண்டாம் வருடமே காய் தொங்கும். பார்க்க ஆசையாக இருக்கும். அந்தக் காய் வேரிலிருந்து எடுத்த கடன்.

இன்னொரு முன்மாதிரி சேலத்திலிருந்து பெங்களூரு தாண்டினால் இருக்கிறது. கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர் ஷாம்பெய்னைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸெலின் துணையோடு நாட்டின் பல இடங்களில் மண்ணையும் காற்றையும் பார்த்துவிட்டு நந்தி மலையடியைத் தேர்ந்தார். உயரம் 900 மீட்டருக்குச் சற்று மேல். பல பிரெஞ்சு ரகங்களை நட்டுப் பார்த்து, நிற்காதவற்றைக் கழித்தார்கள். நிறுவனம் 1988-இல், முதல் ஒயின் 1992-இல். தேடத் தொடங்கியதிலிருந்து பாட்டில் வரும்வரை பத்து வருடத்துக்கு மேல். அவர்கள் முதலில் தேடியது மண்ணைவிட உயரத்தை.

பழத்தை வெட்டிய பிறகும் சேலம் விடாது. நொதித்தலே வெப்பம் கக்கும் வேலை. சாற்றில் நூற்றுக்கு 22 பங்கு சர்க்கரை இருந்தால், வெப்பம் வெளியேற வழியில்லாத தொட்டியில் ஏறத்தாழ 28 டிகிரி கூடும். முப்பது டிகிரியில் ஆரம்பித்த சாறு ஈஸ்ட் சாகும் நாற்பதை வழியிலேயே தாண்டிவிடும். பாதியில் நொதித்தல் நின்ற ஒயின் காடிக்குத்தான் லாயக்கு. அதனால் வெப்ப நாடுகளில் விடியலுக்கு முன் விளக்கு வைத்துக்கொண்டு பழம் வெட்டுகிறார்கள், தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓட்டுகிறார்கள். பழத்தோலில் தானாக வரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடுகின்றன என்று கலிபோர்னியாவில் போகுலிச்சும் டேவிட் மில்ஸும் 2014-இல் காட்டினார்கள். அந்த உள்ளூர்ப் படையை நம்பி விடுவது அழகான எண்ணம். பி.எச். உயர்ந்த, வெக்கையான சாற்றில் அது சூதாட்டம். முதல் சில வருடங்களுக்கு வாங்கிய ஈஸ்ட்டே போதும் என்பேன்.

எந்த மாதிரி ஒயின்? கலிபோர்னியாவின் கொதிக்கும் மத்திய சமவெளியில், மடேராவில், ஆண்ட்ரூ குவாடி 1980-களிலிருந்து இதே பன்னீர்த் திராட்சையில் எலிசியம் என்ற இனிப்பு ஒயினைச் செய்து பெயர் வாங்கியிருக்கிறார். நொதித்தல் முடியும் முன்பே திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவது. சர்க்கரை மிஞ்சும், மணம் தங்கும், புளிப்புக் குறைவு இனிப்பில் அவ்வளவாக உறுத்தாது. சேலம் சமவெளியில் கேபர்னே ரகம் நட்டுப் போர்தோவாக்க முயல்வதைவிட, இருக்கும் வெயிலை ஒப்புக்கொண்டு இப்படிச் செய்வது நிலத்துக்கு உண்மையானது.

என் தீர்ப்பு இது. அஸ்தம்பட்டியின் உயரத்தில் பன்னீர் ரகமும் இனிப்பு ஒயினும். ஏற்காட்டின் உச்சியில் வேண்டாம். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்து நட்ட மலை அது, ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மழையும் மூடுபனியும் காப்பிக்கு ஏற்றவை, திராட்சை இலைக்கு நஞ்சு. உலர்ந்த சிவப்பு ஒயினுக்கு ஆசைப்பட்டால் மலையின் பாதி உயரம், 800, 900 மீட்டரில், மழை குறைந்த சரிவு. கீழ்ச்சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு என்பதால் பட்டா நிலம் சொற்பம் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

திராட்சை வைக்க நினைப்பவர்கள் குச்சி வாங்கப் போவதற்கு முன் ஒரு மீட்டர் ஆழம் வரை மூன்று அடுக்குகளில் தனித்தனியாக மண் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள், கிணற்று நீரையும் கொடுங்கள். வழக்கமான அறிக்கையில் தழை, மணி, சாம்பல் சத்து மட்டும்தான் இருக்கும். நிலம் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் என்றால் கால்சியம், மக்னீசியம் இரண்டின் அளவையும் கேட்டு வாங்குங்கள். மக்னீசியம் கால்சியத்தை மிஞ்சியிருந்தால் அந்த வயலில் திராட்சை வேண்டாம்.